மறு: ‘ஃபிளாஷ் ஆஃப்’ – உலர்நேரம் வேண்டாமே

வணக்கம்.

> ஃபிளாஷ் ஆஃப் டைம் என்பதற்கு ‘உலர்நேரம்’ போதும். சுருக்கமாகவும் இருக்கிறது.

ஃபிளாஷ் ஆஃப் டைம் என்பது ஒரு கோட் அடித்த பிறகு, அதில் பெயிண்டை நீர்க்கக் கலந்த தின்னர் வெளியேறும்வரை அடுத்த கோட்டுக்குக் காத்திருக்கும் நேரம். கையேட்டுக்கான சொற்பட்டியலில் முக்கியமாக இந்தச் சொல்லைத்தான் மறுக்கிறேன். அடிப்பூச்சு, மேற்பூச்சு, வழிசல் எல்லாம் எனக்குச் சம்மதம். ஆனால் இது வீட்டிலேயே காருக்குப் பெயிண்ட் அடிக்க நினைப்பவருக்கான கையேடு. அவர் உலர்நேரம் என்று படித்தால், மேற்பரப்பு உலர்ந்ததுபோல் தெரிந்ததுமே அடுத்த கோட் அடிப்பார். நானும் அதைத்தான் செய்தேன்.

போன மே மாதம், மதிய வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே போனட்டுக்கு மட்டும் அடித்தேன். நிறம் நன்றாகவே வந்தது. அதன் மேல் பியூ கிளியர் (இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும், நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு) முதல் கோட் அடித்த மூன்றாவது நிமிடமே மேலே தோல் கட்டியதுபோல் இருந்தது. சரி, உலர்ந்துவிட்டது என்று அடுத்ததைக் கனமாக அடித்தேன். மாலையில் பார்த்தால் போனட் நடுவில் ஊசி முனை அளவுக்குத் துளைகள், தோசையில் கண் விழுந்த மாதிரி.

காய்ச்சிய பாலில் ஆடை படர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆடை, உள்ளே சூடு. பெயிண்டிலும் அப்படித்தான்: வெயிலில் மேற்பரப்பு சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே தின்னர் அப்படியே இருக்கும். பிறகு அது வெளியேறும்போது மேலே கிழித்துக்கொண்டு வரும். அதனால்தான் கோடையில் ஷெட்காரர்கள் மெதுவாக ஆவியாகும் தின்னர் கலக்கிறார்கள்.

கடைசியில் வண்டியை ஒரு டிங்கரிங் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெயிண்டர் கிளியரை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே போனட்டைத் தொடவே இல்லை. ஓரத்து மாஸ்கிங் டேப்பில் விழுந்திருந்த பெயிண்டை விரலால் தொட்டு மெல்லத் தூக்கினார். நூலாக இழுபட்டால் இன்னும் ஆறவில்லை. பிசுக்கென்று இருந்து, விரலில் ஒட்டாமல் வந்தால் அடுத்த கோட். “ஆற விடணும் சார், காய விட்டுடக் கூடாது” என்றார்.

சொல் அங்கேயே இருக்கிறது. ஆறுதல் வேறு, காய்தல் வேறு, இறுகுதல் வேறு. ஆறுவது தின்னர் வெளியேறுவது. பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து நிமிடம். காய்ந்தால் தூசி ஒட்டாது. இறுகுவது ஹார்டனர் சேர்ந்து வேதிவினை முடிவது. பெயிண்ட் அடிக்கும் மூடிய அறையான பூத்தில் 60 டிகிரியில் அரை மணி, வெளியில் என்றால் நாள்கணக்கு. மூன்றையும் ‘உலர்’ என்ற ஒரே வேரில் அடைத்தால் கையேடு படிப்பவர் குழம்பிப்போவார்.

ஆறுதல் என்றால் சூடு தணிவதுதானே என்று கேட்கலாம். தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை ஆற்றுகிறோம், அங்கே சூடு ஏது? ‘ஆறுநேரம்’ என்று சுருக்குவதையும் நான் முதலில் யோசித்தேன். ஆறு மணி நேரம் என்று படித்துவிட வாய்ப்பு இருப்பதால் விட்டுவிட்டேன். செயலுக்கு ‘ஆறவிடல்’, அளவுக்கு ‘ஆறவிடும் நேரம்’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் முதல் முறை படிப்பவருக்கே புரியும்.

இன்னொன்று, இது சொல் விஷயமல்ல, ஆனால் கையேட்டின் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். பம்பர் மூலை உரசல், கதவோரக் கீறல் போன்றவற்றுக்கு ஸ்ப்ரே டப்பா போதும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பியூ அப்படி இல்லை. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோய்விடும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி வேண்டும். முழுக் காரையும் வாசலில் வைத்து அடிக்கலாமா என்று கேட்பவரிடம், பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் சேர்த்து யோசிக்கச் சொல்வேன். நானே இனி பியூவை வீட்டில் தொடப்போவதில்லை.

அப்புறம், பள்ளத்தை நிரப்பும் பூச்சுக்கு ‘நிரப்புப் பசை’ என்று போட்டிருப்பதையும் ‘பட்டி’ என்றே மாற்றிவிடலாம். ‘பட்டி பார்த்தல்’ என்றுதான் தொழிலில் சொல்கிறார்கள். கடையில் போய் நிரப்புப் பசை கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பார்கள்?

அன்புடன்