சண்டை விமானிக் கதையில் இரண்டு பக்க மனவோட்டம், ஓவரா?

கல்மண்டபம்:
1971 போரை வைத்து ஒரு சிறுகதை எழுதுகிறேன். நாயகன் பெரம்பூர் ஆங்கிலோ இந்தியப் பையன். அப்பா ரயில்வே லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர். பையன் நாட் (Gnat) என்ற சின்னச் சண்டை விமானம் ஓட்டுகிறான். எதிரி விமானம் கண்ணில் பட்டதும் அம்மாவை நினைக்கிறான், சின்ன வயதில் மொட்டை மாடியில் காத்தாடி டீல் (ஒருவர் நூலை ஒருவர் அறுக்கிற போட்டி) விட்டது ஞாபகம் வருகிறது, எதிரியோடு மனசுக்குள் பேசுகிறான். இரண்டு பக்கம் போகிறது. படித்துப் பார்த்த தங்கை, “இவன் சண்டை போடுறானா, காசிமேட்டுல காத்து வாங்குறானா?” என்று கேட்டுவிட்டாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணலி_வாசகன்:
தங்கை கட்சி. போய்ரா சண்டையைப் படித்துப் பாருங்கள். 1971 நவம்பர் 22, போர் அறிவிக்கும் முன்பே நடந்தது. கொல்கத்தா டம்டம்மிலிருந்து நம் நாட் விமானம் நாலு கிளம்பி, பாகிஸ்தானின் சேபர் விமானங்களை மடக்கின. மோதல் மொத்தமே சில நிமிடம்தான். பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட பாகிஸ்தான் விமானிகள் இருவரில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி, 1997ல் அவர்கள் விமானப்படைக்கே தளபதியானார். கதை வேண்டுமானால் அங்கே இருக்கிறது.

பழைய_ஆர்மரர்:
நான் கொடுங்கையூர். விமானப்படையில் ஆர்மமென்ட் ஃபிட்டராக இருந்தேன், நாட் விமானத்துக்குக் குண்டு ஏற்றிய கை இது. அதில் 30 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 115 குண்டு. விடாமல் அழுத்தினால் ஐந்தாறு நொடியில் காலி. நடுவில் சிக்கிக்கொள்வதும் உண்டு, அதற்கு நாங்கள் வாங்கிய திட்டு தனிக்கதை. இந்த ஐந்து நொடியில் அம்மாவை எங்கே நினைப்பது?

இன்னொன்று, உடம்பு. 6 ஜி திருப்பத்தில், அதாவது எடை ஆறு மடங்காகிற வேகத் திருப்பத்தில், 60 கிலோ ஆள் 360 கிலோவாக இருக்கையில் அழுந்துவான். ரத்தம் காலுக்கு இறங்கும், முதலில் நிறம் மங்கும், அப்புறம் பார்வையே இருட்டிவிடும். வயிற்றை இறுக்கி மூச்சை அடக்குவதற்கே அவனுக்கு நேரம் போதாது. ரேடியோவில் ஓரிரு இங்கிலீஷ் வார்த்தை, அவ்வளவுதான். சினிமாவில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வசனம் பேசுவார்கள், அதைப் பார்த்து எழுதாதீர்கள்.

காத்தாடி உவமையும் எனக்கு ஒட்டவில்லை. டீலில் இரண்டு காத்தாடியும் கண்ணெதிரே இருக்கும். மேலே நம்மை அறுக்கப்போகிறவன் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் இருப்பான். அதனால் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கழுத்து வலியை எழுதுங்கள்.

அம்மாவை வெட்ட வேண்டாம், முன்னால் கொண்டு போங்கள். உடனே பறக்கச் சொல்லும் ஸ்க்ராம்பிள் மணிக்காக பெல்ட் கட்டி, வெயிலில் காக்பிட்டுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் நினைக்கலாம்.

கல்மண்டபம்:
ஐயா, மொத்தத்தையும் கலைத்துவிட்டீர்கள்! நல்லதுதான். அப்போது சண்டை அரைப்பக்கம். மீதிக் கதைக்கு என்ன செய்வது?

பழைய_ஆர்மரர்:
அப்பா ஃபிட்டர் என்று எழுதிவிட்டு அதைத் தொடாமலே போய்விட்டீர்களே தம்பி. அவன் வீட்டில் கிரீஸ் வாசனை இருந்திருக்கும். காக்பிட்டில் அவன் பெல்ட்டை இறுக்கிவிடும் எங்கள் தரைப்பணிப் பையனின் நகத்தைப் பார்த்தால் அவனுக்கு அப்பா ஞாபகம் வராதா?

கீழே நிற்கிற எங்களையும் வையுங்கள். நாலு போனால் நாலு சத்தம் திரும்பி வரணும், காதால் எண்ணிக்கொண்டிருப்போம். இறங்கியதும் எல்லோரும் பைலட் முகத்தைப் பார்ப்பார்கள். நான் நேராகத் துப்பாக்கி வாயைத்தான் பார்ப்பேன். கரி படிந்திருந்தால் சுட்டிருக்கிறான். ஒரு பக்கம் மட்டும் படிந்திருந்தால் எனக்கு வயிறு கலங்கிவிடும், மற்றது சிக்கியது என் தப்பா என்று.

கல்மண்டபம்:
கதையை அந்தப் பையன் வாயிலிருந்தே சொல்லப்போகிறேன் ஐயா. பெல்ட் கட்டிவிடுகிறவன்.

பழைய_ஆர்மரர்:
சொல்லுங்கள். ஆனால் அவனுக்கு மெடல் கொடுத்துவிடாதீர்கள், எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.