குளோரின் 'தேவை' என்பதற்குப் பதில் 'இழுப்பளவு'

நண்பர்களுக்கு வணக்கம்.

கிணற்றில் போடும் குளோரினில் தண்ணீரே தீர்த்துவிடும் பங்கை ஆங்கிலத்தில் 'chlorine demand' என்கிறார்கள், தமிழில் 'குளோரின் தேவை' என்று எழுதுகிறோம். அதற்குப் பதிலாகப் போன வாரம் நான் சொன்ன 'குடிப்பளவு' என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எண்ணெய் குடிக்கும் கத்திரிக்காய், சுண்ணாம்பு குடிக்கும் சுவர் என்று நம் பேச்சிலேயே இருக்கிறதே என்று ஆசையாகத்தான் சொன்னேன். ஆனால் தோழி ஒருவர் கேட்டது நியாயம்: கிணற்றடியில் 'குளோரின் குடிப்பளவு' என்று எழுதி வைத்தால், மனிதர் குடிக்க வேண்டிய அளவு என்று யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா? அப்படி ஒருவர் எடுத்துக்கொண்டாலும் போதும், அந்தச் சொல் நமக்கு வேண்டாம்.

ஆனால் 'குளோரின் தேவை' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அக்கா வீடு, காப்பித் தோட்டத்தை ஒட்டி ஓர் உறைக்கிணறு. ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீர் லேசாக டீத்தூள் நிறத்துக்கு வந்துவிடும், சில்வர் ஓக் இலையும் காப்பி இலையும் விழுந்து ஊறிக்கொண்டே இருக்கும். மாமா தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தார். வந்த தாளில் 'குளோரின் தேவை: லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்' என்று இருந்தது. அவர் கணக்கில் கெட்டிக்காரர். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர், ஆக ஏறக்குறைய 9,420 லிட்டர். புதுப் பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் என்று வைத்து 43 கிராம் எடைபோட்டுக் கரைத்து ஊற்றினார். ஒரு மணி நேரம் கழித்துச் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து குளோரின் மிச்சம் இருந்தால் ரோஸ் நிறம் காட்டும் மாத்திரையைப் போட்டுப் பார்த்தால் துளி நிறம் வரவில்லை. பவுடர் பழசு போல என்று கடையில் போய் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

பவுடர் மேல் தப்பில்லை. அந்த 1.5 என்பது தண்ணீரில் உள்ள இலைச்சாறு, இரும்பு, அம்மோனியா எல்லாம் சேர்ந்து தீர்த்துவிடும் குளோரின். அதை மட்டும் போட்டால் மிச்சம் பூஜ்யம்தான் வரும். அதற்கு மேல் ஒரு மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் நிற்க வேண்டும், அப்போதுதான் கிணறு சுத்தமானது என்று நம்பலாம். ஆக 2 மில்லிகிராம் போட்டிருக்க வேண்டும், அதாவது 57 கிராம் பவுடர். 'தேவை' என்று படித்தவர் தேவையானதைப் போட்டார். இதில் அவரை எப்படிக் குறை சொல்வது? நம் சொல்தான் அவரை ஏமாற்றியது.

வேதியியல் ஆசிரியர் ஒருவர், 'ஆக்சிஜன் தேவை' பாடநூலில் வேரூன்றிவிட்டதே, ஒத்துப்போக வேண்டாமா என்று கேட்டிருந்தார். அதை நான் தொடவில்லை, அது சாக்கடை நீரை அளப்பவர்களின் சொல், அவர்களுக்குக் குழப்பம் இல்லை. இது வீட்டுக்காரர் கையில் தராசோடு நிற்கும்போது படிக்கும் சொல். இலங்கை நண்பர்கள் பொருளியலில் இதே 'demand' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கேள்வி' என்கிறார்கள், அங்கே அது அழகாக நிற்கிறது, கிணற்றுக்கு வராது.

சரி, அப்புறம் என்ன சொல்வது? மறுநாள் தூர் வார வந்த பெரியவர் மாமா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வாளியை வைத்தபடியே சொன்னார்: "தம்பி, இந்தத் தண்ணி மருந்தை இழுத்துக்குது." எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. பழைய அரிசி தண்ணீர் இழுக்கும், மோட்டார் கரண்ட் இழுக்கும். 'உறிஞ்சளவு' வேண்டாம், உறிஞ்சுதல் அறிவியலில் வேறு பொருளுக்குப் போய்விட்டது, உறிஞ்சியது உள்ளேயே இருக்கும். மோட்டார் இழுத்த கரண்ட் செலவாகிப் போகிறது, இங்கே குளோரினும் அப்படித்தான். 'இழுப்பு' என்று தனியாக நின்றால் மூச்சு வாங்கும் நோய் நினைவுக்கு வரும், 'இழுப்பளவு' என்றால் வராது. தவிர, இது நேரத்தைப் பொறுத்து மாறும் அளவு, ஆகவே 'அரை மணி இழுப்பளவு', 'ஒரு மணி இழுப்பளவு' என்று நீட்டவும் வசதி.

முக்கியமாக, இந்தச் சொல்லில் தண்ணீர்தான் செய்கிறது, நாம் அல்ல. அதுவே பாதி விளக்கம். நான் இருப்பது கன்னங்குறிச்சியில். எங்கள் கிணறு மலையடி வெள்ளைக்கல் பூமித் தண்ணீர், மக்னீசியம் நிறைய, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏடு படியும். அக்கா வீட்டுத் தண்ணீரில் பருப்பு மெத்தென்று வேகும். எது அதிகம் மருந்து கேட்கும் என்றால் எல்லோரும் எங்கள் உப்புத் தண்ணீரைத்தான் காட்டுவார்கள். இரண்டையும் ஹாராக்ஸ் பெட்டியில் பார்த்தோம், கிணற்றுக்கு எவ்வளவு பவுடர் வேண்டும் என்று சோதிக்கும் பெட்டி அது. வெள்ளைக் கிண்ணம் ஆறு, ஒவ்வொன்றிலும் 200 மில்லி தண்ணீர், கறுப்புக் கிண்ணத்தில் கரைத்த பவுடர் நீரை முதல் கிண்ணத்துக்கு ஒரு சொட்டு, இரண்டாவதற்கு இரண்டு என்று விட்டு, அரை மணி கழித்து ஸ்டார்ச் அயோடைடு மூன்று சொட்டு, குளோரின் மிச்சம் இருந்தால் அது நீலமாகும். எங்கள் தண்ணீர் முதல் கிண்ணத்திலேயே நீலம் காட்டியது. அக்கா வீட்டுத் தண்ணீரில் முதல் கிண்ணம் வெறுமனே கிடந்தது, இரண்டாவதில்தான் நீலம் வந்தது. நீலம் வந்த கிண்ணத்தின் எண்ணை இரண்டால் பெருக்கினால் 455 லிட்டருக்கு எத்தனை கிராம் பவுடர் என்று வரும். கடினத்தன்மை குளோரினை இழுப்பதில்லை, அழுகிய இலைதான் இழுக்கிறது என்று அந்தக் கிண்ணங்களைப் பார்த்ததும் மாமாவுக்குப் புரிந்துவிட்டது, நான் வாய் திறக்கவே இல்லை.

இன்னொன்று. எஞ்சியிருக்கும் குளோரினுக்கு 'எச்சம்' என்று சிலர் எழுதுகிறீர்கள். கிணற்றைப் பற்றிப் பேசும்போது எச்சம் என்றால் புறா எச்சம்தான் நினைவுக்கு வரும், கிணற்றுக்கு வலை போடுவதே அதற்காகத்தான். 'எஞ்சளவு' என்போம். குடிநீருக்கான இந்தியத் தரம் IS 10500-இல் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று கேட்பதும் இந்த எஞ்சளவைத்தான், வைரஸ் பயம் இருந்தால் 0.5.

ஆக மூன்று சொற்கள்: நாம் போடுவது இடுமளவு, தண்ணீர் தீர்ப்பது இழுப்பளவு, நிற்பது எஞ்சளவு. இழுப்பளவு 1.5, எஞ்சளவு 0.5, இடுமளவு 2. இப்படி எழுதினால் கூட்டல் தெரிந்த யாரும் தப்பாகப் போட முடியாது. (போடும்போது பவுடரை அப்படியே கொட்டாதீர்கள், வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் இறக்குங்கள், அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றில் விழுந்தால் தண்ணீர் இன்னும் கடினமாகும்.)

'இடுமளவு' மட்டும் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. 'இட்ட அளவு' என்றால் போட்டு முடித்தது என்றாகிவிடுகிறது, 'இடளவு' நாக்கில் நிற்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ரூம் சுவரில் பெயிண்டால் எழுதித் தருவதாக மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.