தோட்டத்துக்குப் போனவங்க கதைய கன்டெம்பரரி டான்ஸ்ல பண்றேன், எங்கயோ இடிக்குது

அரைமண்டி:
பரதம் பன்னெண்டு வருஷம், இப்ப ரெண்டு வருஷமா கன்டெம்பரரி. பாட்டி இலங்கைல தேயிலைத் தோட்டத்துல பொறந்தவங்க, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியா வந்தவங்க. அத வச்சு 20 நிமிஷ சோலோ. ஆரம்பத்துல கப்பல், மேடை முழுக்க நீலத் துணி அலையா ஆடுது, அப்புறம் கடகாமுக முத்திரை புடிச்சு கொழுந்து பறிக்கிறேன், கடைசில பாஸ்போர்ட். ரிஹர்சல் வீடியோவ பாட்டிகிட்ட காட்டினா முழுசா பாத்துட்டு "யாருடி இது, ராணியா?"ன்னு கேட்டாங்க. அதுலேர்ந்து ஒண்ணும் ஓடல. எங்க சொதப்புறேன்?

பதுளப்பக்கம்:
மொதல்ல அந்த நீலத் துணிய மடிச்சு வைங்க. பெரிய கடல் தாண்டுனது மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கால டர்பன் போனவங்க, 1860ல மெட்ராஸ்லேர்ந்து டர்பனுக்கு ட்ரூரோ கப்பல் போச்சே அது அவங்க கதை. தேயிலைக்கு முன்னாடி இலங்கைல கோப்பித் (காப்பி) தோட்டத்துக்கு வந்த எங்காளுங்களுக்கு கடல் கொஞ்சம்தான், மன்னார்ல எறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுக்குள்ள நூறு மைலுக்கு மேல நடை, வழியில வாந்திபேதியில செத்தவங்க ஏராளம். 2023ல எங்காளுங்க வந்து 200 வருஷம் ஆன நினைவா தலைமன்னார்லேர்ந்து மாத்தளைக்கு நடந்தாங்கல்ல, நானும் ரெண்டு நாள் கூடப் போனேன், ரெண்டாவது நாள் சாயங்காலம் கொப்புளத்துக்குப் பயந்து பாதம் தானா வெளி ஓரத்துல ஊனுது. பாதத்த முழுசா தரையில தட்டுற தட்டடவுக்குப் பதிலா அந்தக் கால வைங்க.

அப்புறம் கொழுந்து. கூடைக் கயிறு தலையில மாட்டி முதுகுல தொங்கும், அந்த பாரத்துக்கு கழுத்து முன்னாடி தள்ளியே இருக்கும், ரெண்டு கையும் தனித்தனியா ஓடும், கை நெறஞ்சா பாக்காமலே தோளுக்கு மேல பின்னாடி வீசுவாங்க. கழுத்த நிமித்திட்டு கடகாமுகம் புடிச்சா ராணிதான், பாட்டி சரியாத்தான் சொல்லிருக்காங்க 😄

சும்மா_ஆடுறவன்:
அதுக்காக பரதத்தையே தூக்கிப் போடணுமா என்ன? லண்டன் டான்ஸ் கோரியோகிராஃபர் ஷோபனா ஜெயசிங்கோட மெட்டீரியல் மென்ங்கிற டான்ஸ்ல ஒருத்தர் பரதம் இன்னொருத்தர் ஹிப்ஹாப், ரெண்டு பேருமே தோட்டத்துக்குப் போனவங்க வம்சம். பரதம் நீங்க கத்துக்கிட்டது, பாட்டியோடது இல்ல, ரெண்டும் ஒரே ஒடம்புல ஒட்டாம நிக்கிறத மறைக்காம காட்டுங்களேன். மறைச்சாதான் பொய்யாத் தெரியும்.

லயத்துப்பேரன்:
பாஸ்போர்ட்ட கைல வச்சு ஆட்டாதீங்க ப்ளீஸ், நாடக விழா மாதிரி ஆயிடும். 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டத்துல நாடில்லாதவங்க ஆக்கினாங்க, 1964ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு 3,00,000 பேர் இலங்கைக்குன்னு மூட்டை மாதிரி பிரிச்சாங்க, பாதிக்கப்பட்டவங்கள ஒரு வார்த்த கேக்கல. தலைமன்னாருக்கு ஆள ஏத்திட்டுப் போன ரயிலுக்கு அழுகைக் கோச்சின்னே பேரு. மூதாதையர் நடந்து வந்த அதே மன்னார் வழியாத்தான் திரும்பப் போனாங்க, அப்ப மொத சீன் நடைய கடைசில தலைகீழா ஆடினா போதுமே.

மியூசிக் என்ன, ஜதியா? தப்பு மேளம் போடுங்க. விடிகாலைல பிரட்டுக்கு, அதாவது வேலை பிரிச்சுக் குடுக்க, ஆள் கூப்பிடவும் தப்பு, சாவுக்கும் தப்பு, மாசில காமன் கூத்துக்கும் தப்பு, அடி மட்டும் வேற வேற.

அரைமண்டி:
பாட்டிகிட்ட பிரட்டுன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னேன், சாப்பிட்டுட்டு இருந்தவங்க எடது கையால டேபிள்ல அந்த அடிய தட்டிக் காட்டினாங்க, அறுபது வருஷம் ஆகப் போகுது ஒரு எடத்துல கூட தடுமாறல. போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டேன், நடுவுல மிக்சி சத்தம், இருக்கட்டும். நீலத் துணிய கடைல திருப்பிக் குடுத்தாச்சு, அட்வான்ஸ் மட்டும் வராதாம்.