மோழைக் குட்டி கிடாயா, மறியா? ஒய் குரோமோசோம் சொல்லுமா?

பனைக்குளத்தான்:
பனங்காட்டிலும் கருவை மரத்தடியிலும் மேய்கிற சின்னப் பட்டி எங்களுடையது. கொம்பு வலையில் மாட்டித் தொல்லை தருகிறதென்று சில வருடமாக மோழைக் கிடாய்தான் (கொம்பில்லாதது) நிறுத்துகிறேன். பெட்டைகளிலும் பாதி மோழை. போன ஈற்றில் பிறந்த ஒரு மோழைக் குட்டியை மறி (பெட்டைக்குட்டி) என்று விட்டிருந்தேன். இப்போது கழுத்து தடித்து, கிடாய் வாடை அடிக்கிறது, மற்றதன் மேல் தாவுகிறது. பின்பக்கம் பார்த்தால் பெட்டை. பக்ரீத்துக்கு ஆடு பார்க்க வந்த கீழக்கரைக்காரர் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆகாது தம்பி" என்று அடுத்த ஆட்டுக்குப் போய்விட்டார்.

ஆடு மாடுகளின் எக்ஸ், ஒய் குரோமோசோம்களை முழுசாகப் படித்து ஒப்பிடுகிறார்களாமே, ரத்தம் கொடுத்தால் தெரியுமா? கூடப் பிறந்தது கிடாய். அதனால்தான் இப்படி என்கிறார் அம்மா.

கிடைமாட்டுக்காரன்:
மாட்டில் அம்மா சொல்வது சரி. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி பெரும்பாலும் சினை பிடிக்காது. நாங்கள் வளர்க்க வைத்துக்கொள்வதில்லை.

தேவிபட்டினம் லேப்:
மரபணு ஆய்வகத்தில் வேலை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். மாட்டில் இரண்டு கன்றின் நஞ்சுக்கொடியும் இணைந்து ரத்தம் கலந்துவிடும். ஆட்டில் இரட்டை சகஜம், இப்படிக் கலப்பது அபூர்வம். ஆனாலும் ரத்தத்தோடு முடியை வேரோடு பிடுங்கிக் கொடுங்கள். ரத்தத்தில் மட்டும் ஒய் வந்தால் அம்மா ஜெயித்தார்.

என் சந்தேகம் வேறு. உங்கள் குட்டி இரண்டு எக்ஸ் உள்ள பெட்டையாகத்தான் இருக்கும். டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படித்தால் எக்ஸ் பகுதி மற்ற குரோமோசோம்களின் அளவுக்கே வரும் (கிடாயில் அதில் பாதி), ஆணாக்கும் எஸ்ஆர்ஒய் மரபணு இருக்காது. கோளாறு எக்ஸ், ஒய் குரோமோசோமிலேயே இல்லை, 1-ஆம் குரோமோசோமில். 2001-இல் அங்கே ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2020-இல் நீளநீளமாகப் படித்தபோதுதான், 10,159 எழுத்து போன இடத்தில் சுமார் 4,80,000 எழுத்து நீளப் பிரதி ஒன்று தலைகீழாகச் செருகியிருப்பது தெரிந்தது. துண்டு துண்டாகப் படித்தவர்கள் கண்ணில் அது படவே இல்லை. இதனால் சூலகத்தைக் காக்கும் ஃபாக்ஸ்எல்2 மரபணு வேலை செய்யாமல் போகிறது.

இந்த மாற்றம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மோழை, அவ்வளவுதான். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் பெட்டைக்குட்டி இப்படி ஆகிறது. கிடாயை மாற்றுங்கள். கொம்புள்ள கொடி ஆட்டுக் கிடாய் போதும்.

நீங்கள் கேட்ட ஒய் சமாச்சாரம் தனிக் கதை. 2009-இல் வந்த மாட்டு மரபணுத் தொகுப்புக்கு எடுத்தது ஹியர்ஃபோர்டு பசு; அதில் ஒய் எங்கிருந்து வரும்? ஒய்யில் ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வருவதால் கோக்கவும் சிரமம். நாட்டு மாட்டின் ஒய்யும் சீமை மாட்டின் ஒய்யும் நுண்ணோக்கியிலேயே வேறு வடிவம். கலப்பினக் காளையின் தகப்பன் வழியை அதை வைத்துச் சொல்லலாம்.

பனைக்குளத்தான்:
அப்போ மோழைப் பெட்டைகளை விற்றுவிடவா?

தேவிபட்டினம் லேப்:
எதற்கு? குட்டி போட்ட மோழைப் பெட்டை என்றாலே அந்த மாற்றம் அதற்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும்தான் வந்திருக்கும். கொம்புக் கிடாயோடு சேர்த்தால் பாதிக் குட்டி கொம்பு, பாதி மோழை. இந்தக் கோளாறு வராது.