ஒரே ஆளின் கட்டுரைகள் இரண்டு பெயரில்: எப்படிச் சேர்ப்பது?

வணக்கம். வவுனியா பம்பைமடுவில் இருந்து எழுதுகிறேன். ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் தொகுக்கும் ஒரு மேற்கோள் தரவுத்தளம் என்னை இரண்டு ஆளாகக் காட்டுகிறது. அப்பாவின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் நிற்கிற ஆளுக்கு 6 கட்டுரை, பின்னால் நிற்கிற ஆளுக்கு 5. குளத்துச் சேற்றில் முழங்கால் புதைய நின்று எடுத்த மண் மாதிரிகளை வைத்து எழுதியவை. பாதி உழைப்பு கணக்கிலேயே இல்லை.

எங்கள் வளாகம் 2021 ஆகஸ்டில்தான் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. அதற்கு முந்திய கட்டுரைகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வவுனியா வளாகம் என்றுதான் முகவரி.

ஓர்சிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உரிய தனி அடையாள எண்) எடுத்து எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். கூகுள் ஸ்காலரில் கையால் சேர்த்தேன், அங்கே சரி. தரவுத்தளத்துக்கு மூன்று தரம் எழுதியும் தானியங்கிப் பதில்தான். பதவி உயர்வு விண்ணப்பம் அடுத்த மாதம்.

இரண்டு பெயரையும் தரவுத்தளத்தில் ஒரே கட்டுரையாசிரியர் எண்ணில் சேர்க்க எந்த ஆவணத்தை இணைத்து அனுப்ப வேண்டும்?