உப்பை ஊற்றியது யார்? பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லலாம்?

மலையக டீச்சர் (அட்டன்):
வணக்கம். தோட்டப் பாடசாலையொன்றில் புவியியல் கற்பிக்கிறேன். கடல்நீர் ஏறி வயல்கள் உப்பாகிவரும் பங்களாதேஷ் கரையோரத்தைப் பற்றிய பாடத்துக்காக இரண்டு தயிர்ச் சட்டிகளில் நெல் முளைக்க வைத்தோம். ஒன்றுக்கு உப்பில்லாத பீலித் தண்ணீர், மற்றதற்கு உப்புக் கரைத்த தண்ணீர். ஒரு வாரத்தில் உப்புச் சட்டி நாற்றுகள் நுனியிலிருந்து பழுத்துக் காய்ந்து, தொட்டால் நொறுங்கின. உப்புத் தண்ணீர் ஊற்றிவந்த பிள்ளை என்னைப் பார்த்து, "இதை நான்தான் சாகடித்தேன் டீச்சர். அங்கே ஊற்றியது யார்?" என்று கேட்டாள்.

நிலக்கரியும் எண்ணெயும் எரித்துப் பணக்காரரான நாடுகள், அந்தப் புகையால்தான் பூமி சூடாகிக் கடல் உயர்கிறது என்றேன். பங்களாதேஷில் ஒருவரின் பங்குக்கு ஆண்டுக்கு ஒரு தொன் காபனீரொட்சைட்டுகூட வராது, அமெரிக்காவில் 14 தொன் அளவில் வரும் என்றும் எழுதிப் போட்டேன். உடனே பின்வரிசையிலிருந்து, "நட்டஈடு கொடுத்தார்களா?" என்று ஒரு குரல். அதற்கு என்ன சொல்வது?

கொத்மலைக்காரன் (டோஹா):
டீச்சர், என் அறை நண்பர் பங்களாதேஷின் சாத்கிரா மாவட்டத்துக்காரர். 2009 மே மாதம் அய்லா சூறாவளியில் அவர்கள் ஊர் அணைக்கட்டு உடைந்து கடல் உள்ளே வந்தது. குடிக்கிற குளமும் வயலும் உப்பாகிவிட்டன. நெல் விளையாத நிலத்தை இறால் வளர்ப்பவர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்தவர். இன்றும் எந்தத் தண்ணீரையும் முதலில் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

பேராதனை மாணவன்:
ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள் டீச்சர். உப்பு முழுவதும் கடல்மட்ட உயர்வால் வந்ததல்ல. கங்கை நதியில் 1975இல் இந்தியா இயக்கத் தொடங்கிய ஃபராக்கா அணை கோடைகாலத்தில் நன்னீரைக் குறைத்தது, கழிமுக நிலமும் தாழ்ந்துகொண்டிருக்கிறது, இறால் பண்ணைகளும் உப்பு நீரை உள்ளே விடுகின்றன. ஆனால் 1901இலிருந்து உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது. கடலைவிட ஓரிரு மீற்றர் மட்டுமே உயர்ந்த வயலுக்கு அது சின்ன அளவல்ல. சூறாவளி தள்ளிவரும் அலை அந்த உயரத்தின் மேலேறித்தான் வருகிறது.

பண்டாரவளை அண்ணன்:
காசு விஷயம்: 2009இல் கோப்பன்ஹேகன் காலநிலை மாநாட்டில், 2020க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டொலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் சொல்லின. அந்தத் தொகை 2022இல்தான் எட்டியது, அதிலும் பெரும்பகுதி கடன். இழப்பு, சேதங்களுக்கான தனி நிதியத்துக்கு எகிப்தில் 2022இல் சம்மதித்தார்கள். அடுத்த ஆண்டு துபாயில் அதற்குத் தருவதாக வாக்குக் கொடுத்தது சுமார் 70 கோடி டொலர்தான். 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காக்கும் கடமையை மீறும் நாடு முழு இழப்பீடு வரை பொறுப்பேற்க நேரலாம் என்றது. அது ஆலோசனைக் கருத்துத்தான். ஆனாலும் வனுவாட்டு போன்ற குட்டித் தீவு முன்னின்று பெற்றுத்தந்தது.

மலையக டீச்சர்:
மூவருக்கும் நன்றி. ஃபராக்காவையும் இறாலையும் கட்டாயம் சொல்வேன். ஏற்கெனவே தள்ளாடுகிறவனின் தோளில் இன்னொரு மூட்டையை ஏற்றியவன், மற்ற மூட்டைகளைக் காட்டித் தப்பக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வேன். கடன் கொடுத்ததை நட்டஈடு என்று எழுத என் கை வராது. தம்பி, உங்கள் நண்பர் சம்மதித்தால் அந்த நாக்கு நுனிக் கதையை வகுப்பில் சொல்லலாமா? அந்தப் பிள்ளை இன்று காலை உப்புச் சட்டிக்கும் பீலித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.