ஸ்பீட்வே உலகப் பட்டம்: ஒற்றை இரவில் வென்றவர்கள் பெரியவர்களா, தொடர் முழுதும் வென்றவர்கள் பெரியவர்களா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை ஜாவாக்காரன்

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்பீட்வே பந்தயத்தில் ஆறு முறை தனிநபர் உலகப் பட்டம் வென்றவர்கள் மூவர். நியூசிலாந்தின் ஐவன் மேஜர் 1968, 1969, 1970, 1972, 1977, 1979 ஆகிய ஆண்டுகளில் வென்றார். சுவீடனின் டோனி ரிக்கார்ட்சன் 1994-க்கும் 2005-க்கும் இடையில் ஆறு பட்டங்களைச் சேர்த்தார். போலந்தின் பார்ட்டோஷ் ஸ்மார்ஸ்லிக் 2019-இல் தொடங்கி 2025-இல் ஆறாவதை எட்டினார். எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் மூவரையும் ஒரே தட்டில் நிறுத்திவிடலாமா என்பதுதான் என் கேள்வி.

புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். பிரேக்கே இல்லாத, ஒரே கியர் கொண்ட 500 சிசி வண்டியில், மண்தடத்தில், இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி நான்கு வீரர்கள் நான்கு சுற்று ஓடும் பந்தயம் இது. முதலிடத்துக்கு 3, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வருபவருக்கு ஒன்றுமில்லை. 1994 வரை உலகப் பட்டத்தை ஒரே இரவில் முடிவு செய்தார்கள். தகுதிச் சுற்றுகளைக் கடந்து வந்த பதினாறு பேர் 20 ஓட்டங்களில், ஒவ்வொருவரும் மற்ற பதினைந்து பேரையும் ஒருமுறையாவது சந்திக்கும் வகையில், ஆளுக்கு ஐந்து முறை ஓடுவார்கள். ஐந்தையும் வென்றால் 15 புள்ளிகள். ஏதாவது ஓர் ஓட்டத்தில் சங்கிலி அறுந்தாலோ, புறப்படும் இடத்தில் நாடாவைத் தொட்டு விலக்கப்பட்டாலோ, அந்த ஆண்டே கைவிட்டுப் போனதற்குச் சமம். 1995 முதல் கிராண்ட் பிரீ என்ற பெயரில் பல நாடுகளில் பல சுற்றுகள் நடத்தி, மொத்தப் புள்ளிகளைக் கொண்டு பட்டம் தருகிறார்கள்.

பழைய முறையில் எனக்கு இரண்டு ஆண்டுகள் உறுத்துகின்றன. முதலாவது 1936, வெம்ப்ளியில் நடந்த முதல் உலக இறுதி. ஆஸ்திரேலியாவின் புளூயி வில்கின்சன் அன்று இரவு ஐந்து ஓட்டங்களையும் வென்று ஒருவரிடமும் தோற்காமல் திரும்பினார். ஆனால் தகுதிச் சுற்றில் பெற்ற கூடுதல் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்கிடும் விதி அப்போது இருந்ததால் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார், பட்டம் லயனல் வான் பிராக்குக்குப் போயிற்று. வில்கின்சன் 1938-இல் வென்று கணக்கைத் தீர்த்துக்கொண்டார் என்பது வேறு. இரண்டாவது 1973, போலந்தின் ஹோஷுஃப் மைதானம். மேஜரும் உள்ளூர்க்காரரான யெர்ஸி ஷ்சாக்கியெலும் ஆளுக்கு 13 புள்ளிகளில் நின்றதால் இருவருக்கும் மட்டும் ஒரு கூடுதல் ஓட்டம் வைத்தார்கள். முந்தப் பார்த்த மேஜர் எதிராளியின் பின்சக்கரத்தில் உரசி விழுந்தார். ஷ்சாக்கியெல் அதன்பின் ஒருபோதும் தனிநபர் பட்டத்தை வெல்லவில்லை.

இந்த விளையாட்டைப் பார்த்தவர்களும், இதன் இயந்திரங்களை அறிந்தவர்களும் நம் பாலக்காட்டு எல்லைப் பகுதியில் சிலராவது இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுடைய கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

பதில் 1: சித்தூர் மெக்கானிக்

(நான் சொல்லும் சித்தூர் ஆந்திரத்துச் சித்தூர் அன்று, பாரதப்புழையின் துணையாறான கண்ணாடிப்புழைக் கரையிலுள்ள நம்முடைய சித்தூர்.)

கேள்வியை வீரர்களை மட்டும் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் வண்டியிலிருந்து தொடங்குகிறேன். இங்கே ஜாவா என்றால் மைசூரில் உருவான இரண்டு ஸ்ட்ரோக் வண்டி நினைவுக்கு வரும். ஸ்பீட்வேக்காரர்கள் ஜாவா என்று சொன்னது செக்கோஸ்லோவாக்கியாவின் திவிஷோவ் ஊரில் எஸ்ஓ என்ற பெயரில் தொடங்கி, 1960-களில் ஜாவாவோடு இணைந்த தொழிற்சாலையின் நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர் இயந்திரத்தை. அதற்கு முன் முப்பது ஆண்டுக் காலம் ஆங்கிலேயர்களின் ஜேஏபி இயந்திரம்தான் தடத்தை ஆண்டது. எரிபொருள் பெட்ரோல் அன்று, மெத்தனால். பெட்ரோலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு மெத்தனாலை உள்ளே விட வேண்டும். எனவே கார்பரேட்டரின் ஜெட் துளையும் அதற்கேற்பப் பெரிதாக இருக்கும். ஆனால் அது ஆவியாகும்போது இயந்திரத்தைக் குளிர்விப்பதால், பெட்ரோல் தாங்காத அளவுக்கு உள்ளழுத்தத்தை உயர்த்திக்கொள்ளலாம். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடத் தேவையில்லாத இயந்திரம் என்பதால் இவ்வளவு கசக்கிப் பிழிய முடிகிறது.

ஐந்து ஓட்டங்களுக்கு இடையில் தடம் மாறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் தெளித்த மண் முதலில் ஈரமாகப் பிடிக்கும். நான்கைந்து ஓட்டங்கள் கழிந்ததும் உள்கோட்டில் மண் வழிக்கப்பட்டு வழுக்கும், வெளிப்புறத்தில் மேடாகச் சேரும். பின்பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டுவதா குறைப்பதா, கிளட்சை எவ்வளவு இறுக்குவது என்பதையெல்லாம் அந்த இடைவெளியில் முடிவு செய்ய வேண்டும். தொடர் முறையில் இன்று தவறினால் அடுத்த சுற்றில் சரி செய்துகொள்ளலாம். ஒற்றை இரவில் அதற்கு வழியில்லை. ஆகவே அதிர்ஷ்டம் என்று நீங்கள் சொல்வதில் பாதியை நான் ஆயத்தம் என்று சொல்வேன். மேஜர் அதில் எவரையும்விட முந்தியிருந்தார். 1957-இல் விம்பிள்டனுக்கு வந்து நிலைக்க முடியாமல் ஊர் திரும்பியவர், 1963-இல் நியூகாசிலுக்கு மீண்டும் வந்தார். அதன்பின் அவர் தற்செயலுக்கு விட்டுவைத்தது மிகக் குறைவு. 1970-இல் மூன்றாம் முறை தொடர்ந்து வென்றபோது, இரண்டு அமெரிக்க ரசிகர்கள் வாக்களித்தபடியே அவருடைய ஜாவாவுக்குத் தங்க முலாம் பூசிக் கொடுத்தார்கள். அது இன்றும் அவர் ஊரான கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறது.

இயந்திரக்காரன் என்ற முறையில் இன்னொருவரையும் குறிப்பிடாமல் போக மனமில்லை. ஆஸ்திரேலியாவின் நீல் ஸ்ட்ரீட், 1970-களில் இரண்டு வால்வு ஜாவாவை நான்கு வால்வாக மாற்றியமைத்து, மருமகன் ஃபில் கிரம்ப்பிடம் ஓட்டக் கொடுத்தார். அடுத்து வெஸ்லேக் நான்கு வால்வு இயந்திரம் வந்தது; 1976-இல் பீட்டர் காலின்ஸ் அதில்தான் பட்டம் வென்றார், ஃபில் கிரம்ப் மூன்றாமிடம். அந்த ஃபில்லின் மகன் ஜேசன் கிரம்ப்தான் பின்னாளில் 2004, 2006, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றவர். பாட்டனின் பட்டறை, தந்தையின் அனுபவம், பேரனின் பட்டம் என்று ஒரு குடும்பத்துக்குள்ளேயே இந்த விளையாட்டின் வரலாறு அடங்கிவிடுகிறது.

பதில் 2: நெம்மாறை பெரியவர்

தம்பி, உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒற்றை இரவு இறுதியை நேரில் பார்த்தவர்கள் எவரும் அதை அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வேலை நிமித்தமாக இலண்டனில் இருந்த காலத்தில் 1981-ஆம் ஆண்டு இறுதியை வெம்ப்ளியில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த மைதானத்தில் நடந்த கடைசி உலக இறுதியும் அதுவே. கால்பந்துத் திடலைச் சுற்றி மண்தடம். திடலின் மூலைகளை வளைவு தின்றிருந்தது. கூட்டம் 90,000-க்கும் மேல்.

கலிபோர்னியாவின் புரூஸ் பென்ஹால் அன்று ஓட்டிய இரண்டு ஓட்டங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. முதலில் ஓலே ஓல்சன். அவர் 1971, 1975, 1978 ஆண்டுகளின் சாம்பியன். முன்னால் போய்விட்டால் உள்கோட்டை விட்டுத் தரவே மாட்டார். பென்ஹால் வெளிப்புறத்து மேட்டில், வேலியை ஒட்டிக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் சுற்றி வந்து, கடைசி வளைவிலிருந்து வெளிப்படும்போது இரண்டு முன்சக்கரங்களும் இணையாக இருந்தன. கோட்டில் ஒரு டயரின் அளவுதான் வேறுபாடு. பிறகு டென்மார்க்கின் டாமி நூட்சனோடும் அதே கதை, அதே கோடு, அதே அளவு வேறுபாடு. இந்த இரண்டில் ஒன்று மறுபுறம் சாய்ந்திருந்தாலும் அந்த இரவின் போக்கே மாறியிருக்கும். முடிவில் பென்ஹாலுக்கு 14, ஓல்சனுக்கும் நூட்சனுக்கும் ஆளுக்கு 12. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் அவர் மீண்டும் வென்று, அன்றே விளையாட்டை விட்டு நடிப்புக்குப் போய்விட்டார். ஆனால் அந்த இரவில் கென்னி கார்ட்டரோடு நேர்ந்த உரசலும், கார்ட்டரை நடுவர் விலக்கியதும் இன்றுவரை சர்ச்சையாகவே உள்ளன. அதை எனக்கு எதிரான சான்றாக நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், மறுக்கவில்லை.

நம் பக்கத்து ரேக்ளாவில் ஒவ்வொரு வண்டியும் தனித்தனியாக ஓடிக் கடிகாரத்தோடு மோதுகிறது. ஸ்பீட்வேயில் கடிகாரத்துக்கு மதிப்பில்லை, பக்கத்தில் வரும் மூவரை வெல்ல வேண்டும். அப்படிப்பட்ட விளையாட்டுக்கு, எல்லாரும் எல்லாரையும் ஒரே இரவில் சந்திக்கும் இறுதியைவிடப் பொருத்தமான முறை எது?

மேஜரைப் பற்றி மட்டும் பேசுவதும் சரியன்று. கிறைஸ்ட்சர்ச் என்ற ஒரே ஊரிலிருந்து ரோனி மூர் இரண்டு, பேரி பிரிக்ஸ் நான்கு, மேஜர் ஆறு என்று பன்னிரண்டு பட்டங்கள் வந்திருக்கின்றன. சுவீடனின் ஓவே ஃபுண்டின் 1956 முதல் 1967 வரை ஐந்து முறை வென்றார். இங்கிலாந்தின் பீட்டர் கிரேவன் 1955, 1962 ஆண்டுகளில் வென்றவர். சின்னஞ்சிறு உடல், வண்டி எப்படிச் சாய்ந்தாலும் நிமிர்த்திவிடும் சமநிலை. 1963 செப்டம்பரில் எடின்பரோவில் முன்னால் விழுந்த வீரர்மீது ஏறாமல் ஒதுங்க முயன்று காயமுற்று, சில நாட்களில் இறந்துபோனார். ஆறு, ஐந்து என்று எண்ணுகிறவர்கள் அவரை மறந்துவிடுகிறார்கள்.

பதில் 3: வேலந்தாவளம், இப்போது போலந்து

பெரியவர் ஐயாவுக்கும் மெக்கானிக் அண்ணனுக்கும் வணக்கம். வேலைக்காகப் போலந்துக்கு வந்த பிறகுதான் இந்த விளையாட்டு எனக்கு அறிமுகமாயிற்று. இங்கே ஸ்பீட்வே ஒரு பொழுதுபோக்கு அன்று. லெஷ்னோ, தோருன், கோஷுஃப், லூப்லின் போன்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை லீக் போட்டியென்றால் ஊரே மைதானத்தில் இருக்கும். ஒவ்வோர் ஓட்டமும் முடிந்ததும் பக்கத்திலிருக்கும் பாட்டி முதல் பள்ளிச் சிறுவன்வரை கையிலுள்ள நிகழ்ச்சிநிரல் தாளில் பேனாவால் புள்ளிகளைக் குறித்துக்கொள்வதைக் காணலாம். முதல் வளைவின் அருகே உட்கார்ந்தால் மண் மழையாகத் தெறிக்கும்; தெரிந்தவர்கள் கண்ணாடி அணிந்து, தாளை மடியில் மூடி வைத்துக்கொள்வார்கள்.

ஷ்சாக்கியெலைப் பற்றிக் கேள்வியில் உள்ள தொனியை இங்குள்ளவர்கள் ஏற்க மாட்டார்கள். 1971-இல் ரிப்னிக்கில் ஆந்த்ஷேய் விக்லெண்டாவோடு இணைந்து இரட்டையர் உலகப் பட்டத்தை, ஒரு புள்ளிகூட விடாமல் வென்றவர் அவர். தவிர, 1973-இல் மேஜர் விழுந்தது முந்த முயன்றதால். முந்த வேண்டிய நிலை வந்தது ஷ்சாக்கியெல் முன்னால் இருந்ததால். அவருக்குப் பிறகு இன்னொரு போலந்துக்காரர் தனிநபர் பட்டம் வெல்ல 37 ஆண்டுகள் ஆயின. 2010-இல் தோமாஷ் கோலோப் வென்றபோது அவருக்கு வயது 39. பல ஆண்டுகள் பட்டத்தின் விளிம்புவரை வந்து திரும்பிய அவர் ஒற்றை இரவு முறையில் முன்பே ஒருமுறை வென்றிருக்கக்கூடும் என்று இங்கே பலர் சொல்வார்கள். 2017-இல் மோட்டோகிராஸ் பயிற்சியில் விழுந்து முதுகெலும்பு முறிந்ததிலிருந்து அவர் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார்.

தொடர் முறையின் பலம் நீடிப்பு. அமெரிக்காவின் கிரெக் ஹான்காக் 1997-இல் முதல் பட்டம் வென்று, 14 ஆண்டுகள் காத்திருந்து 2011-இல் இரண்டாவதை வென்றார்; 2016-இல் நான்காவதை வென்றபோது வயது 46. ஆனால் தொடர் என்றால் பரபரப்புக் குறையும் என்பதையும் நான் ஏற்கவில்லை. 2025-இல் டென்மார்க்கின் வோயன்ஸில் நடந்த கடைசிச் சுற்றை ஆஸ்திரேலியாவின் பிராடி கர்ட்ஸ் வென்றும், ஒரே ஒரு புள்ளியால் பட்டம் ஸ்மார்ஸ்லிக்குக்குப் போயிற்று. பல மாதங்கள் ஓடியும் கடைசியில் ஒற்றை இரவுக்குத்தான் வந்து சேர்ந்தது.

கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை ஜாவாக்காரன்

மூவருக்கும் நன்றி. ஷ்சாக்கியெலின் இரட்டையர் பட்டத்தைச் சுட்டியது நன்று. எனினும் உங்கள் பதில்களை வாசித்தபின் என் ஐயம் இன்னொருவர்மீது வந்து நிற்கிறது. டென்மார்க்கின் ஹான்ஸ் நீல்சன் 1986, 1987, 1989 ஆண்டுகளில் பழைய முறையில் வென்றார். 1995-இல் முதல் கிராண்ட் பிரீ தொடரையும் வென்றார். இரண்டு முறைகளிலும் பட்டம் பெற்றவர்கள் அவரும் ரிக்கார்ட்சனும் மட்டுமே. இதற்கிடையில் அவர் முதலிடத்துக்கான கூடுதல் ஓட்டத்தில் மூன்று முறை தோற்றார். 1985-இல் பிராட்ஃபோர்டில் எரிக் குண்டர்சன், சாம் எர்மொலென்கோ ஆகியோரோடு 13 புள்ளிகளில் நின்று தோல்வி. 1988-இல் வோயன்ஸில் மீண்டும் குண்டர்சனிடம். 1994-இல் அதே வோயன்ஸில் ரிக்கார்ட்சனிடம். அந்த மூன்று ஓட்டங்கள், ஓட்டத்துக்கு ஒரு நிமிடம் வீதம், வேறு விதமாக முடிந்திருந்தால் இன்று நாம் ஆறு பட்டக்காரர்களைப் பற்றியல்ல, ஏழு பட்டம் வென்ற ஒரே மனிதரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். அதிலும் 1994-இல் அவர் வென்றிருந்தால் ரிக்கார்ட்சனுக்கு ஐந்துதான்.

பதில் 4: நெம்மாறை பெரியவர்

கணக்கு சரி, தம்பி. ஆனால் அந்த மூன்றில் இரண்டில் அவர் தோற்றது விதியிடம் அன்று, குண்டர்சனிடம். புள்ளிகளைச் சேர்ப்பதில் நீல்சன் பெரியவர். ஒரே ஓர் ஓட்டம்தான் மிச்சம் என்ற நிலை வந்தால் நாடா எழும் கணத்திலேயே குண்டர்சன் ஒரு வண்டி நீளம் முன்னால் இருப்பார். 1984, 1985, 1988 என்று மூன்று பட்டங்கள் பெற்ற அவருடைய ஓட்டம் 1989-இல் அதே பிராட்ஃபோர்டில், அணிகளுக்கான உலக இறுதியின் முதல் வளைவில் நேர்ந்த விபத்தோடு முடிந்துபோயிற்று. உங்கள் பட்டியலில் நீல்சனுக்கு மூன்றைக் கூட்டுவதற்கு முன், குண்டர்சன் தொடர்ந்து ஓடியிருந்தால் 1990-களில் எத்தனை போயிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.